சேனல் என்ற சின்னப் பெட்டி

அக்கா மகள் நோட்டில் வரைந்து கொண்டுவந்த படத்தில் பதினோரு பெட்டிகள் இருந்தன. அதில் ஆகச் சின்னது சேனல், அதாவது அனுப்பும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் நடுவே சிக்னல் போகும் வழி. மற்ற பத்துக்கும் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டிருந்தாள். சேனலுக்கு மட்டும் புள்ளிக்கோடு. மேலேயிருந்து ஒரு குட்டி அம்புக்குறி அதற்குள் இறங்க, அதன் தலைமாட்டில் 'இரைச்சல்' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

அவள் கீழே ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். லீவுக்குக் கொடைக்கானல் வந்தால் மூஞ்சிக்கல்லில் இருக்கும் என் ரிப்பேர் கடையில்தான் பாதி நாள். "மாமா, எல்லாப் பெட்டியோட பேரும் தெரியும், வரிசையும் தெரியும். எதுக்கு இந்தப் பெட்டின்னு கேட்டா சொல்ல வரல" என்றாள். டிஜிட்டல் வீச்சுப் பண்பேற்றம் என்பது பாடத்தின் பெயர்: 0, 1 என்ற செய்தியை ஒரு அலையின் உயரத்தில், அதாவது வீச்சில், எழுதி அனுப்பும் முறை. தேர்வில் அந்தப் படத்தை வரைந்தால் மார்க் வந்துவிடும். அவளுக்கு அது போதவில்லை என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் பேசினோம். அந்தப் பேச்சில் எனக்கே தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளாக் டயகிராமைப் பார்த்ததும் கண் பெட்டிக்குத்தான் போகும். பெயர் அங்கேதானே எழுதியிருக்கிறது. நான் முதலில் கோடுகளைப் பார்க்கச் சொன்னேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு கோட்டின் மேலும், அதில் ஓடுவது என்ன என்று பென்சிலால் எழுது. எழுத முடியாத கோடு எதுவோ, அதற்கு முந்தைய பெட்டி உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

எழுதினாள். முதல் கோட்டில் 0, 1 என்ற பிட்கள். அவை வெறும் எண்கள், வோல்டேஜ்கூடக் கிடையாது. மேப்பர் என்ற பெட்டி அந்த எண்களை வாங்கி உயரங்களாக மாற்றுகிறது: 0 என்றால் உயரம் பூஜ்யம், 1 என்றால் உயரம் ஒன்று. அடுத்தது வடிவம் கொடுக்கும் ஃபில்டர். மேப்பர் தருவது தனித்தனிப் புள்ளிகள். ஃபில்டர் அவற்றை ஒழுங்கான மேடு பள்ளமாக, ஓடுகிற ஒரு அலைவடிவமாக ஆக்கித் தருகிறது. அதற்கடுத்து மிக்சர். ஆஸிலேட்டரிலிருந்து வரும் ஊர்தி அலையோடு, அதாவது செய்தியைச் சுமந்து போகும் அலையோடு, இந்த வடிவத்தைப் பெருக்கும் இடம் அது. பவர் ஆம்ப்ளிஃபயர் அதற்கு வலு கொடுக்க, ஆன்டெனா வெளியே அனுப்புகிறது. ஆக, கோடுகளில் ஓடுவது முதலில் எண், பிறகு உயரம், பிறகு வடிவம், கடைசியில் அலை.

ரிசீவர் பக்கம் இதே பாதையில் இறங்குகிறது: அலை, வடிவம், உயரம், எண். ஏறிய ஒற்றையடிப் பாதையிலேயே திரும்பி இறங்குவது மாதிரி. அதனால் ஏறும்போது பார்த்த ஒவ்வொரு பெட்டிக்கும் இறங்கும்போது ஒரு ஜோடி இருக்க வேண்டும். மிக்சருக்கு மிக்சர். வடிவ ஃபில்டருக்கு மேட்ச்டு ஃபில்டர். மேப்பருக்கு, 'இது 0, இது 1' என்று முடிவெடுக்கும் டிசிஷன் பெட்டி. பவர் ஆம்ப்ளிஃபயர் தூரத்தோடு மல்லுக்கட்டுவதற்காக நிற்கிறது, அதை விட்டுவிடலாம்.

"இப்போ ஜோடி சேராம நிக்கிற பெட்டி எதெது?" என்று கேட்டேன். விரல் வைத்து எண்ணினாள். ஏஜிசி (உயரத்தைச் சரிசெய்வது). கேரியர் ரிகவரி (ஊர்தி அலையின் ஃபேஸைக் கண்டுபிடிப்பது). டைமிங் ரிகவரி (பிட் தொடங்கும் நேரத்தைப் பிடிப்பது). மூன்று பெட்டிகள், மூன்றும் ரிசீவர் பக்கம். டிரான்ஸ்மிட்டரில் இவற்றுக்கு எதிரே யாரும் இல்லை.

ஏன் இல்லை என்றால், அனுப்புகிறவனுக்கு எல்லாம் தெரியும். எவ்வளவு உயரத்தில் அனுப்பினோம், ஊர்தி அலை எந்த ஃபேஸில் (ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில்) இருந்தது, ஒரு பிட் எந்த நொடியில் தொடங்கியது என்பதெல்லாம் அவன் கையில் இருக்கிறது. வாங்குகிறவனுக்கு இந்த மூன்றும் தெரியாது. தெரியாமல் செய்தது அந்தப் புள்ளிக்கோட்டுச் சின்னப் பெட்டி. சேனல் கெடுத்ததைச் சரிசெய்யத்தான் ரிசீவரில் பாதிப் பெட்டிகள். சேனலை விரல்நகம் அளவுக்கு வரைந்துவிட்டு ரிசீவரைப் புரிந்துகொள்ளப் பார்த்தால், நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டைப் படிக்கிற கதைதான்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானமில்லை. பூம்பாறையில் கிடைத்தது.

அக்காவின் புகுந்த வீடு பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலுக்கு மேலே, படிப்படியாக இறங்கும் சரிவில் அவர்களுக்குப் பூண்டுத் தோட்டம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டுதான். ராத்திரியில் காட்டுமாடு இறங்கும், பன்றி வரும். முன்பெல்லாம் மேல் படியில் ஒரு காவல் குடிசை போட்டு ஒருவர் படுத்திருப்பார். மாடு தெரிந்தால் கீழே வீட்டை நோக்கி டார்ச்சை மூன்று முறை அடிப்பார். பன்றி என்றால் நீளமாக ஒரு முறை. அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த டார்ச்சையே ஒரு பிளாக் டயகிராமாக வரையலாம். மாடா பன்றியா என்பது செய்தி. மூன்று குட்டை, ஒரு நெட்டை என்பது மேப்பர். டார்ச்சின் ஒளி ஊர்தி அலை. சுவிட்சை அமுக்கும் கட்டைவிரல் மிக்சர். ஒளியை ஒன்றாலோ பூஜ்யத்தாலோ பெருக்குகிறது. கீழே பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் டிடெக்டர். 'இப்போ எரிஞ்சுதா, இல்லையா' என்று அவர் மனம் எடுக்கும் முடிவு டிசிஷன் பெட்டி. டிஜிட்டல் வீச்சுப் பண்பேற்றத்தில் மிக எளிய வகை இதுதான்: ஆன்-ஆஃப் கீயிங். கப்பல்களும் ராணுவமும் வயர்லெஸ்ஸில் மோர்ஸ் அடித்ததும் இதே முறையில்தான்.

இப்போது மூடுபனி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பனி எப்படி இறங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் எதிர்ச் சரிவே காணாமல் போகும். டார்ச் எரிந்தாலும் வெள்ளையாக ஒரு மங்கல்தான் தெரிகிறது, அணைந்தாலும் கிட்டத்தட்ட அதே மங்கல். நாம் செய்தியை எழுதிய இடம் ஒளியின் அளவு. பனி வந்து கை வைப்பதும் அதே ஒளியின் அளவில். கணக்குப் புத்தகத்தில் நாம் எழுதும் பத்தியிலேயே இன்னொருவரும் வந்து எழுதிவிட்டுப் போகிறார். வீச்சுப் பண்பேற்றத்தின் பலவீனம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன், காவல் குடிசைக்கு ஆள் கிடைக்காமல் போனபோது, நான் ஒரு அலாரம் செய்து கொடுத்தேன். தோட்டத்தின் மேல் ஓரத்தில் கம்பி இழுத்துக் கட்டி, கம்பி இழுபட்டால் சுவிட்ச் விழும். சுவிட்சோடு 433.92 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் மாட்யூல் ஒன்று. கேட் ரிமோட்டிலும் வயர்லெஸ் காலிங் பெல்லிலும் இருக்குமே, அதே வகை. வீட்டில் ரிசீவரும் பஸ்ஸரும். அந்த அலைவரிசையில் அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதனால் கால் அலைநீளத்துக்கு 17.3 சென்டிமீட்டர் கம்பி வெட்டி ஆன்டெனாவாக வைத்தேன். நொடிக்கு ஆயிரம் பிட். அதாவது ஒரு பிட்டுக்கு ஒரு மில்லி நொடி. அந்த ஒரு மில்லி நொடிக்குள் ஊர்தி அலை 4,33,920 முறை ஏறி இறங்கிவிடும். இதைக் கேட்டதும் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோட்டில் ஒரு பிட்டுக்குள் நான்கு வளைவு போட்டுக் காட்டும் படம், நிஜத்தில் இவ்வளவு நெருக்கமானது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒன்றுமே அனுப்பாதபோது ரிசீவரின் டேட்டா முனையில், அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பை வைத்தேன். அமைதியான பூஜ்யம் இருக்கும் என்று எதிர்பார்த்தால், தாறுமாறாக 0, 1, 0, 1 என்று குதித்துக்கொண்டிருந்தது. மாட்யூல் பழுது என்று நினைத்து மூன்று மாற்றிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி. அப்புறம்தான் விளங்கியது: பழுது எதிலும் இல்லை, ஏஜிசி தன் வேலையைச் செய்கிறது. வருகிற சிக்னல் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தை ஏற்றுவது அதன் தொழில். சிக்னலே இல்லையென்றால் பெருக்கத்தை உச்சத்துக்கு ஏற்றி, இரைச்சலையே சிக்னல் மாதிரி பெரிதாக்கித் தருகிறது. இருட்டறையில் கொஞ்ச நேரம் இருந்தால் கண் பழகி, இல்லாத உருவமெல்லாம் தெரிவது போல.

அதனால்தான் இந்த வகைக் கருவிகள் பலவும் நேரடியாகச் செய்தியைத் தொடங்குவதில்லை. முதலில் 10101010 என்று ஒரு முன்னுரை அனுப்பும். அந்த நேரத்தில் ஏஜிசி தன் அளவைச் சரிசெய்துகொள்ளும், டைமிங் ரிகவரி பிட் எங்கே தொடங்குகிறது என்று பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு இரைச்சலில் தற்செயலாக வர வாய்ப்பில்லாத ஒரு அடையாளம் வரும், அதற்குப் பின்னால் செய்தி. ஜோடி சேராத மூன்று பெட்டிகளுக்குச் சாப்பாடு போடுவது இந்த முன்னுரைதான். டயகிராமில் இதற்கு இடமே இருக்காது. பெட்டிகள் மட்டும் இருக்கும், நேரம் இருக்காது.

இதைச் சரிசெய்த பிறகும் ஒரு கோளாறு. பத்து நொடிக்கு ஒருமுறை டிரான்ஸ்மிட்டர் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு பைட் அனுப்பும்படி வைத்திருந்தேன். எல்லாம் சரி என்றால் 00000000. கம்பி இழுபட்டால் வேறு எண். கம்பி இழுபட்ட செய்தி ஒழுங்காக வந்தது. எல்லாம் சரி என்ற செய்திதான் பாதி நேரம் குப்பையாக வந்து பஸ்ஸரை அடித்தது. அக்கா வீட்டுக்காரர் ஒரு வாரம் தூக்கம் கெட்டுத் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். வேலை கெட்டது என்னால் என்பதால் எனக்கு அது மிகவும் உறுத்தியது.

காரணம் டிசிஷன் பெட்டிக்குள் இருந்தது. 0-க்கும் 1-க்கும் நடுவே எந்த உயரத்தில் கோடு போடுவது? அனுப்பிய உயரம் ஒன்று என்றால் கோடு 0.5-இல் இருக்கலாம். ஆனால் சேனல் அதை 0.4 ஆக்கிவிட்டால்? அனுப்பிய 1 எல்லாமே கோட்டுக்குக் கீழே விழுந்து 0 ஆகிவிடும். அதனால் இந்த மலிவு ரிசீவர்கள் நிலையான கோடு வைப்பதில்லை. வருகிற சிக்னலின் சராசரியை ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் கணக்கிட்டு, அந்தச் சராசரியையே கோடாக வைக்கும். சிக்னல் தேய்ந்தால் கோடும் தானாக இறங்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: 0-களும் 1-களும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். நானோ வரிசையாக எட்டு 0 அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டு மில்லி நொடியில் சராசரி தரையைத் தொட்டுவிட்டது. கோடு தரையில் கிடந்தால் துளி இரைச்சல்கூட அதைத் தாண்டி 1 ஆகிவிடும்.

தீர்வு, டயகிராமில் மேப்பருக்கு முன்னால் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லோரும் தாண்டிப் போகும், லைன் கோடிங் என்ற பெட்டி. மான்செஸ்டர் முறையில் ஒவ்வொரு பிட்டையும் இரண்டு பாதியாக்கி, ஒரு பாதி ஆன், ஒரு பாதி ஆஃப் என்று அனுப்புவார்கள். முதல் பாதி ஆனா, இரண்டாம் பாதி ஆனா என்பதில்தான் செய்தி. இனி எந்த பைட்டை அனுப்பினாலும் சராசரி நடுவிலேயே நிற்கும். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு மாற்றம் கட்டாயம் இருப்பதால் டைமிங்கும் தவறாது. விலை என்னவென்றால், ஒரு பிட் போன நேரத்தில் இரண்டு துண்டு போகிறது, அலைவரிசை அகலம் இரட்டிப்பாகிறது. அக்கா மகளின் படத்தில் இந்தப் பெட்டி இல்லை. பன்னிரண்டாவதாக அவளே சேர்த்துக்கொண்டாள்.

அப்புறம் ஐப்பசி மழை. மழை பிடித்ததும் செய்திகள் விட்டுவிட்டு வந்தன. டார்ச்சைப் பார்த்துப் பழகிய எனக்கு மூடுபனிமேல்தான் சந்தேகம். அது தப்பு. பனித்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. 69 சென்டிமீட்டர் அலைக்கு அது இருப்பதே தெரியாது. ஒளியின் அலைநீளம் அந்தத் துளியைவிடவும் சிறியது, அதனால்தான் டார்ச் தோற்கிறது. என் அலையைத் தின்றது நனைந்த இலைகள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருந்த தைலமரங்களும் புதரும் மழையில் ஊறியதும் சிக்னல் தேய்ந்தது. ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே, மரங்களின் இடைவெளியைப் பார்த்து மாற்றி வைத்த பின்தான் நின்றது. சேனல் என்பது ஒரு பெட்டி அல்ல, ஒரு இடம் என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

பூம்பாறை அலாரம் மாதிரி ஆன்-ஆஃப் முறைக்கு ரிசீவரில் மிக்சர் வேண்டியதில்லை. டயோடு, கபாசிட்டர், ரெசிஸ்டர் மூன்றும் சேர்ந்து அலையின் மேல் விளிம்பை மட்டும் வரைந்து கொடுத்தால் போதும்; என்வலப் டிடெக்டர் என்று பெயர். மலிவு மாட்யூலுக்குள் சுற்று வேறு மாதிரி இருந்தாலும் வேலை இதே வேலைதான். ஊர்தி அலையின் ஃபேஸ் தெரிய வேண்டியதில்லை, கேரியர் ரிகவரியும் வேண்டாம். அக்கா மகளின் படமோ கேரியர் ரிகவரியோடு இருந்தது. அதற்கு வேறொரு கதை.

வந்த அலையை அதே அதிர்வெண்ணுள்ள இன்னொரு காஸ் (கொசைன்) அலையால் பெருக்கினால் இரண்டு துண்டு கிடைக்கும்: ஒன்று நமக்கு வேண்டிய வடிவத்தின் பாதி, மற்றொன்று இரட்டிப்பு அதிர்வெண்ணில் ஓடும் அலை. இரண்டாவதை ஃபில்டர் வெட்டிவிடும். இது நடக்க, நம் காஸ் அலையும் வந்த அலையும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும். 60 டிகிரி விலகினால் கிடைப்பது பாதி. 90 டிகிரி விலகினால் பூஜ்யம். சிக்னல் வாசலில் வந்து நின்றும் வீட்டுக்குள் ஒன்றும் கேட்காது. இந்தத் தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

வாங்குவதால் மைனஸ் கிடைக்கிறது. என்வலப் டிடெக்டருக்கு உயரம் மட்டுமே தெரியும், +1-க்கும் −1-க்கும் வித்தியாசம் தெரியாது. ஃபேஸ் தெரிந்த ரிசீவருக்குத் தெரியும். 0, 1 என்று அனுப்புவதற்குப் பதிலாக −1, +1 என்று அனுப்பினால், அதே சராசரித் திறனுக்கு இரண்டு புள்ளிகளும் இன்னும் விலகி நிற்கும். ஆன்-ஆஃப் முறைக்குத் தேவைப்படும் திறனில் பாதியே போதும். அதோடு டிசிஷன் கோடு பூஜ்யத்தில் நிற்கிறது. சேனல் சிக்னலை எவ்வளவு தேய்த்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான், கோட்டை நகர்த்த வேண்டியதில்லை. பூம்பாறையில் நான் பட்ட பாடு பாதி இங்கே தேவையே இல்லை. −1-ஆல் பெருக்குவது என்றால் அலையை 180 டிகிரி திருப்புவது, ஆகவே இதைப் புத்தகங்கள் ஃபேஸ் பண்பேற்றம் என்ற அத்தியாயத்தில் வைக்கின்றன. ஆனால் பெட்டிகளைப் பாருங்கள், ஒன்றுகூட மாறவில்லை. மேப்பருக்குள் இருக்கும் பட்டியலில் 0 என்ற எண்ணை −1 ஆக்கியதோடு சரி. அத்தியாயப் பெயர்களைவிட நான் பெட்டிகளையே நம்புகிறேன்.

அதே மேப்பரில் −3, −1, +1, +3 என்று நான்கு உயரம் வைத்தால் ஒரு தடவைக்கு இரண்டு பிட். இன்னும் ஒன்று: காஸ் அலைமேல் ஒரு வரிசை, அதற்கு 90 டிகிரி தள்ளி நிற்கும் சைன் அலைமேல் இன்னொரு வரிசை என்று இரண்டையும் கூட்டி ஒரே ஆன்டெனாவில் அனுப்பலாம். 90 டிகிரி விலகினால் பூஜ்யம் என்று சற்றுமுன் தொல்லையாகப் பார்த்தோமே, அதே விஷயம் இங்கே உதவுகிறது. காஸால் பெருக்கினால் சைன் வரிசை மறைந்துவிடும், சைனால் பெருக்கினால் காஸ் வரிசை மறைந்துவிடும். ஒரே அலைவரிசையில் இரண்டு சாலைகள். இரண்டிலும் நான்கு உயரம் என்றால் பதினாறு புள்ளிகள், ஒரு தடவைக்கு நான்கு பிட். இதுதான் 16 கியூஏஎம். படத்தில் மிக்சர் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஆஸிலேட்டரும் 90 டிகிரி பெட்டியும் வந்து பயமுறுத்தும். உள்ளே நாம் ஏற்கெனவே பார்த்த படத்தின் இரண்டு பிரதிகள்தான் இருக்கின்றன.

ஆனால் உயரங்கள் கூடியதும் பழைய கடன்காரர் திரும்பி வருகிறார். நான்கு உயரத்துக்கு டிசிஷன் கோடுகள் −2, 0, +2 என்று மூன்று. சேனல் சிக்னலை 60 சதவீதம் ஆக்கிவிட்டால் 3 என்று போனது 1.8 ஆக வந்து, 2-க்குக் கீழே விழுந்து, 1 என்று படிக்கப்படும். இரைச்சலே இல்லாத சுத்தமான சிக்னலிலும் தப்பு வரும். ஃபேஸ் சற்று விலகினால் ஒரு சாலையின் சத்தம் அடுத்த சாலைக்குள் கசியும். ஆகவே ஏஜிசி, கேரியர் ரிகவரி இரண்டும் இங்கே மிக நுணுக்கமாக உழைக்க வேண்டியிருக்கிறது. நிறைய பிட் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சேனலை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வடிவ ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக. சுவிட்ச் போட்டது போல டக் டக்கென்று மாறும் பிட் பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் சிந்தும். மழுப்பினால் அகலம் குறையும், ஆனால் ஒரு பிட்டின் வால் அடுத்த பிட்டின்மேல் படரும். வால் படர்ந்தாலும், அடுத்த பிட்டை அளக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அது பூஜ்யமாக இருந்தால் போதும் என்ற நிபந்தனையை ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தந்தி பற்றிய ஆய்வில் எழுதிவைத்தார். இன்றைக்கும் அந்த ஃபில்டரை டிரான்ஸ்மிட்டரில் பாதி, ரிசீவரில் பாதி என்று பிரித்து வைக்கிறார்கள். பெட்டிகள் ஜோடியாக வருவதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் அவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "அப்போ வீச்சுல எழுதுறதே தப்பான இடம்தானே மாமா? ஏன் எழுதணும்?"

எங்கள் தாத்தா மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ் வைத்துத் திருச்சி வானொலி கேட்பார். மலைக்கு அந்தப் பக்கம் மின்னல் வெட்டினால் ரேடியோவில் படபடவென்று பொரியும். மின்னல் அலையின் வீச்சில் கை வைக்கிறது, பாட்டும் அதே வீச்சில்தான் இருக்கிறது, ரேடியோவால் பிரிக்க முடியாது. இதிலிருந்து தப்பிக்கத்தான் எட்வின் ஆம்ஸ்ட்ராங் செய்தியை அதிர்வெண்ணுக்கு மாற்றி 1933-இல் எஃப்எம் காப்புரிமை வாங்கினார். எங்கள் ஊர்க் கோபுரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் போகும் கோடை பண்பலை, எத்தனையோ மாவட்டங்களில் இடி மழையிலும் தெளிவாகக் கேட்பது அதனால்தான். இந்தக் கதையோடு நிறுத்தினால் வீச்சுப் பண்பேற்றம் தோற்றுப்போன முறை.

ஆனால் பழைய ரேடியோவில் டிசிஷன் பெட்டி கிடையாது. வந்த உயரம் 0.93 என்றால் அது அப்படியே காதுக்குப் போகும், 0.93 பாட்டா, 1-ஆகப் போனது தேய்ந்ததா என்று கேட்க ஆளில்லை. டிஜிட்டலில் இருக்கும் உயரங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 0.93 என்ற உயரம் பட்டியலிலேயே இல்லை, அதனால் அது 1. இரைச்சல் கோட்டைத் தாண்டாதவரை முற்றாகத் துடைக்கப்பட்டுவிடுகிறது, ஒரு சுவடும் இல்லாமல். படத்தின் கடைசியில் முக்கோணமாகவோ சதுரமாகவோ ஒதுங்கி நிற்கும் அந்த ஒரு பெட்டிதான், வீச்சில் எழுதுவதை மறுபடியும் சாத்தியமாக்கியது. இன்று ஆகாசவாணி (ஆல் இந்தியா ரேடியோ) பல நிலையங்களில் அதே மீடியம் வேவில் டிஆர்எம் (டிஜிட்டல் ரேடியோ மாண்டியால்) முறையில் டிஜிட்டலாக ஒலிபரப்புகிறது. அதன் உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய ஊர்தி அலைகள். ஒலியைச் சுமப்பவை ஒவ்வொன்றிலும் 16 அல்லது 64 கியூஏஎம். நடுநடுவே ரிசீவருக்கு முன்பே தெரிந்த பைலட் உயரங்களையும் அனுப்புகிறார்கள். '3 என்று அனுப்பினேன், உனக்கு என்னவாக வந்தது, அதை வைத்து மற்றதைச் சரிசெய்துகொள்' என்று சொல்வது மாதிரி. என் பூம்பாறை முன்னுரையின் பெரிய அண்ணன் அது.

இன்னொன்றும் சொன்னேன். கடைக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பு. வீட்டுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபரில் கீழ்நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட், 1490 நானோமீட்டர் ஒளியில் ஆன்-ஆஃப் கீயிங். காவல் குடிசை டார்ச்சேதான். ஒரு பிட் கண்ணாடி இழைக்குள் எட்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். 0 என்றால்கூட லேசரை முழுதாக அணைப்பதில்லை, மங்கலாக்குகிறார்கள். அணைத்து ஏற்றுவதற்கு நேரம் போதாது. ஆனால் என் மனதைத் தொட்டது மேல்நோக்கிய வழி. ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டு, முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஒளியை அனுப்புகின்றன. பக்கத்து வீட்டின் ஒளி பிரகாசமாக வரும், அடுத்த கணம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் ஒளி மங்கலாக வரும். ஒவ்வொரு வீட்டின் முறை தொடங்கும்போதும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ரிசீவர் டிசிஷன் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சின்னப் பங்குக்குள். அதற்கும் ஒரு முன்னுரை உண்டு. நான் ஒரு வாரம் திண்டாடிய அதே பிரச்சினையை, நாட்டின் எத்தனையோ எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு பெட்டி ஓயாமல் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் இருவரும் பூம்பாறை போனோம். டிரான்ஸ்மிட்டரை விடாமல் அனுப்பும்படி வைத்துவிட்டு, ரிசீவரின் சிக்னல் அளவு முனையில் மல்டிமீட்டரை மாட்டி அவள் கையில் கொடுத்தேன். மேல் படியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி அளவைக் குறித்துக்கொண்டு வந்தாள். தூரம் கூடக்கூட மெல்லக் குறைந்தது. தைலமரங்களுக்குப் பின்னால் சட்டென்று இறங்கியது. ஒரு இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. "போச்சு மாமா" என்றாள். "கால் அடி நகரு" என்றேன். நகர்ந்தாள், அளவு ஏறியது. இன்னொரு கால் அடி, இன்னும் ஏறியது. அப்புறம் இறங்கி, மறுபடி காணாமல் போனது.

நேராக வரும் அலையும், எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடுகின்றன, ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன என்றேன். அவள் டேப்பை எடுத்து, காணாமல் போன இரண்டு இடங்களுக்கும் நடுவே அளந்தாள். 36 சென்டிமீட்டர். வரப்பிலேயே உட்கார்ந்து 69-ஐ இரண்டால் வகுத்துப் பார்த்தாள்.

பிறகு நோட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்தாள். இடது ஓரத்தில் டிரான்ஸ்மிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி, வலது ஓரத்தில் ரிசீவர் என்று இன்னொன்று. நடுவே பக்கம் முழுக்கச் சேனலை வரைந்து, அதற்குள் படிகள், தைலமரங்கள், பாறை, ஒவ்வொரு படியிலும் அளந்த எண்கள் என்று நிரப்ப ஆரம்பித்தாள். கீழ்ப் படிகள் இன்னும் நான்கு பாக்கி இருந்தன. மீட்டரை நான் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன்.